பழைய கேமராவும் புதிய கணினியும்: டெதரிங் முறையின் பயனும் பழுதும்

டிஜிட்டல் கேமராவைக் கேபிள் மூலம் கணினியுடன் இணைத்து, ஷட்டர் விழுந்த சில நொடிகளில் படம் கணினித் திரையில் தோன்றும்படியும், அபர்ச்சர் எனப்படும் லென்ஸ் துளையின் அளவு, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகியவற்றைக் கணினியிலிருந்தே மாற்றும்படியும் அமைத்துக்கொண்டு படம் எடுக்கும் முறை ஸ்டுடியோக்களில் டெதரிங் என்று வழங்குகிறது. பிலிம் காலத்தில் ஒளியமைப்பைச் சரிபார்க்கப் போலராய்டு படம் ஒன்றை முதலில் எடுத்துப் பார்க்கும் வழக்கம் இருந்தது. அந்த வேலையை இன்று டெதரிங் செய்கிறது. விளம்பரத்துக்காகப் பொருள்களைப் படமெடுப்போரும், நூல்கள், சுவடிகள், வரைபடங்கள், பழைய நெகட்டிவ்கள் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகப் பதிவுசெய்வோரும் இதைத் தங்கள் அன்றாட முறையாகக் கொண்டிருக்கின்றனர். புதிய கேமராவையும் அதற்கென அதன் நிறுவனமே வெளியிட்ட மென்பொருளையும் வைத்திருப்பவருக்கு இதில் பெரிய சிக்கல் ஏதுமில்லை. இருபது ஆண்டுக்கு முந்தைய கேமரா ஒன்றை இன்றைய கணினியுடன் இணைக்க முற்படும்போதுதான் இந்த முறையின் பலமும் பலவீனமும் முழுமையாக வெளிப்படுகின்றன. அத்தகைய கேமரா இன்றும் இணைந்து செயல்படுமா என்பதை அதன் வயதோ மெகாபிக்சலோ விலையோ பெரும்பாலும் தீர்மானிப்பதில்லை; அது கணினியுடன் எந்த நெறிமுறையில், அதாவது எந்த விதிகளின் தொகுப்பின்படி, செய்தி பரிமாறுகிறது என்பதே தீர்மானிக்கிறது.

கேமராவும் பதிவுக் கருவியும் கேபிளால் பிணைக்கப்பட்டிருப்பது புதிய வழக்கமன்று. கோடாக் நிறுவனம் 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிசிஎஸ் என்னும் 1.3 மெகாபிக்சல் கேமரா, நிகான் எஃப்3 உடலில் பொருத்தப்பட்ட சென்சாரையும், தோளில் மாட்டிக்கொள்ளும் 200 எம்பி ஹார்டு டிஸ்க் கொண்ட தனிப் பெட்டியையும் கேபிளால் இணைத்தே இயங்கியது. அதன் வழிவந்த கோடாக் கேமராக்கள் ஸ்கஸி என்னும் இணைப்பைக் கொண்டிருந்தன, பின்னர் 1995இல் தரப்படுத்தப்பட்ட ஃபயர்வயர் தொழில்முறைக் கேமராக்களில் இடம்பிடித்தது, அதன்பின் யு.எஸ்.பி. எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முந்தைய தலைமுறைக் கேமராக்கள் படமெடுக்கும் திறனை இழக்காமலே கணினியுடனான தொடர்பை மட்டும் இழந்தன.

இதற்குத் தெளிவான சான்று இரண்டு கேமராக்களை அருகருகே வைத்துப் பார்த்தால் கிடைக்கும். 2002இல் வந்த கேனன் இஓஎஸ்-1டிஎஸ், 11 மெகாபிக்சல் முழுச்சட்டகச் சென்சார் கொண்டது; அக்காலத்தில் மிகச் சிலரே வாங்கக்கூடிய விலையில் விற்கப்பட்டது; கணினியுடன் இணைவதற்கு அதில் ஃபயர்வயர் மட்டுமே உண்டு. 2004இல் வந்த நிகான் டி70, 6 மெகாபிக்சல் கொண்டது; ஆர்வலர்களுக்காகத் தயாரிக்கப்பட்டது; விலையில் முன்னதன் சிறு பங்குதான்; யு.எஸ்.பி. துளை உடையது. இன்று லினக்ஸ் இயங்கும் சாதாரண மடிக்கணினி ஒன்றில் டி70ஐச் செருகினால் கணினியிலிருந்து ஷட்டரை இயக்கிப் படத்தைப் பெற முடிகிறது. 1டிஎஸ் கேமராவுக்கு முதலில் ஃபயர்வயர் துளை வேண்டும். ஆப்பிள் நிறுவனம் அத்துளை கொண்ட கடைசி மடிக்கணினியை 2016இல் விற்பனையிலிருந்து விலக்கிவிட்டது. அடாப்டருக்கு மேல் அடாப்டர் மாட்டி இணைத்துவந்தோருக்கும் 2025இல் வெளியான மேக்ஓஎஸ் 26 டஹோ அந்த வழியை அடைத்துவிட்டது. லினக்ஸ் கெர்னல் ஃபயர்வயரை இன்றும் ஏற்றுக்கொண்டாலும், அதன் வழியே இந்தக் கேமராவை ஆளும் மென்பொருள் அங்கு இல்லை. ஆகவே 1டிஎஸ் வைத்திருப்பவர் டெதரிங் செய்ய விரும்பினால், அக்காலக் கணினியையும் அக்கால இயங்குதளத்தையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டியிருக்கிறது.

நிகான் டி70 தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் பி.டி.பி. எனப்படும் படப் பரிமாற்ற நெறிமுறை. 2000ஆம் ஆண்டில் தொழில்துறைத் தரமாக வெளிவந்து, பின்னர் ஐ.எஸ்.ஓ. 15740 என்னும் பன்னாட்டுத் தரமான இந்த நெறிமுறை, கேமராவுக்கும் கணினிக்கும் இடையிலான உறவைத் தெளிவாக வரையறுத்தது. கணினி கேட்கும், கேமரா பதில் சொல்லும். கேமராவில் உள்ள ஒவ்வொரு படமும் ஒரு பொருளாகக் கருதப்பட்டு அதற்கொரு எண் தரப்படும். கணினி அந்த எண்ணைச் சொல்லிப் படத்தைக் கேட்டுப் பெறும். படம் எடு என்று கணினி ஆணையிடுவதற்கும், புதிய படம் ஒன்று சேர்ந்திருக்கிறது என்று கேமரா தானே அறிவிப்பதற்கும் இதில் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. லென்ஸ் துளையின் அளவு, வெள்ளைச் சமநிலை போன்றவை கேமராவின் பண்புகளாகப் பட்டியலிடப்பட்டு, படிக்கவும் மாற்றவும் கூடியவையாக வைக்கப்பட்டன. நிறுவனம் எதுவாயினும் கணினி இதே குறியீடுகளைப் பயன்படுத்தலாம் என்பதால், விண்டோஸ் எக்ஸ்பி காலம் முதல் இன்றைய விண்டோஸ் வரை தனி டிரைவர் ஏதும் நிறுவாமலே பி.டி.பி. கேமராவை இயங்குதளம் அடையாளம் காண்கிறது.

ஆயினும் இந்தத் தரத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. டெதரிங் முறையின் பெரும்பாலான குறைகள் அந்த ஓட்டையிலிருந்தே பிறக்கின்றன. பொதுவான குறியீடுகளுக்கு அப்பால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனச் சொந்தக் குறியீடுகளை வைத்துக்கொள்ளத் தரம் இடமளித்தது. படங்களை எடுத்துச்செல்வது எல்லோருக்கும் பொதுவாக அமைந்தது. கேமராவைக் கட்டுப்படுத்துவதோ நிறுவனங்களின் சொந்தக் குறியீடுகளுக்குள் போய் ஒளிந்துகொண்டது. சில கேமராக்களில் நிலைமை இதைவிடக் கடினம். கேனனின் 300டி (2003), 20டி (2004), 5டி (2005) ஆகியவற்றின் மெனுவில் கணினியுடன் தொடர்புகொள்ளும் வகையைத் தேர்ந்தெடுக்க இரு வழிகள் உண்டு: ஒன்று பி.டி.பி.; மற்றொன்று 300டியில் நார்மல் என்றும் பின்வந்தவற்றில் பிசி கனெக்ஷன் என்றும் குறிக்கப்படும் கேனனின் சொந்த வழி. பி.டி.பி. நிலையில் வைத்தால் இக்கேமராக்கள் எந்தக் கணினியிலும் தெரியும். எடுத்த படங்களைத் தரும். ஆனால் கணினி சொல்லிப் படமெடுப்பது என்பது நிறுவனத்தின் சொந்த வழியை ஒட்டியே அமைக்கப்பட்டிருந்தது. அந்தச் சொந்த வழிக்கோ விண்டோஸில் நிறுவனம் தரும் டிரைவர் வேண்டும். 300டி போன்றவற்றுக்கு அந்த டிரைவர் 64 பிட் விண்டோஸுக்கென எழுதப்படவே இல்லை. கேமராவுடன் வந்த குறுந்தட்டில் இருந்த மென்பொருள், கணினி மாறியதும் பயனற்றுப்போனது. மேக்கில் 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா பதிப்பு 32 பிட் மென்பொருள்கள் அனைத்தையும் ஒரே நாளில் செயலிழக்கச் செய்தது. 2006இன் 400டி, 2007இன் 40டி போன்ற கேமராக்களில் கட்டுப்பாடும் பி.டி.பி. வழியே வந்துவிட்டதால் அவை இந்த ஆபத்திலிருந்து பெருமளவு விடுபட்டன. ஓராண்டு ஈராண்டு இடைவெளியில் வெளிவந்த, ஏறத்தாழ ஒரே தரத்தில் படம் தரும் கேமராக்களுக்கு இடையே இத்தனை வேறுபாடு உண்டு என்பது பழைய கேமரா வாங்குவோர் பலர் அறியாதது.

நிறுவனங்கள் கைவிட்ட இடத்தில் இந்தக் கேமராக்களுக்கு மறுவாழ்வு தந்தது கட்டற்ற மென்பொருள் இயக்கம். லிப்ஜிஃபோட்டோ2 என்னும் நிரல் தொகுப்பு 2,500க்கும் மேற்பட்ட கேமரா வகைகளை ஆதரிக்கிறது. மார்க்கஸ் மைஸ்னர் உள்ளிட்ட நிரலாளர்கள் அதை நெடுங்காலமாகப் பேணிவருகின்றனர். நிறுவனங்கள் வெளியிடாத குறியீடுகளை, நிறுவன மென்பொருள் கேமராவுடன் பேசும்போது கேபிளில் ஓடும் தரவைப் பதிவுசெய்து, எந்த எண் எதற்கு என்று ஒவ்வொன்றாகப் பொருள் கண்டறிந்தே இத்தகைய நிரல்கள் எழுதப்பட்டன. கேனனின் பழைய சொந்த வழிக்கு இத்தொகுப்பில் தனிப் பிரிவே உண்டு. அதனால்தான் 300டி போன்ற ஒரே கேமரா, நார்மல் நிலையில் ஒன்றாகவும் பி.டி.பி. நிலையில் மற்றொன்றாகவும் பட்டியலில் இருமுறை இடம்பெறுகிறது. டார்க்டேபிள், என்டாங்கிள் போன்ற லினக்ஸ் மென்பொருள்கள் இத்தொகுப்பின் மேல் கட்டப்பட்டவை. ஊதியம் எதிர்பாராத உழைப்பால் உருவான இந்த நிரல்கள் இல்லையெனில், பழைய கேமராவில் டெதரிங் என்ற பேச்சே இன்று எழ வாய்ப்பில்லை. இதைப் பயன்படுத்தும் நூலகங்களும் காப்பகங்களும் அந்த உழைப்புக்குக் கடன்பட்டவை.

நடைமுறையில் முதலில் வரும் தடை, டெஸ்க்டாப் சூழலின் மிகையான உபசரிப்பு. லினக்ஸில் கேமராவைச் செருகிய மறுகணம் கோப்பு மேலாண்மை நிரல் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, படங்களைக் காட்டட்டுமா என்று கேட்கிறது. ஒரு நேரத்தில் ஒரு நிரலே கேமராவைப் பிடித்திருக்க முடியும் என்பதால், டெதரிங் மென்பொருள் வந்து கேட்கும்போது கருவியைப் பெற இயலவில்லை என்ற பிழைச் செய்தி வருகிறது. கேமரா பழுது, கேபிள் பழுது என்றெல்லாம் எண்ணிப் பலர் இந்த இடத்திலேயே முயற்சியைக் கைவிடுகின்றனர். கோப்புப் பட்டியலில் தோன்றும் கேமராவை முதலில் விடுவித்துவிட்டாலோ, தானாகப் பிடிக்கும் பின்னணி நிரலை நிறுத்திவிட்டாலோ தடை நீங்கிவிடும். மேக்கிலும் இதே வேலையைச் செய்யும் பின்னணி நிரல் உண்டு. நிறுத்தினாலும் அது மீண்டும் எழுந்துவிடும் என்பதால் அங்கு இந்தத் தொல்லை சற்று அதிகம். இரண்டாவது தடை கேமராவின் மெனுவில் இருக்கிறது. நிகான் டி70ஐ மாஸ் ஸ்டோரேஜ் நிலையில், அதாவது கேமராவைக் கணினி ஒரு பென் டிரைவாகப் பார்க்கும் நிலையில், விட்டுவிட்டால் எந்த மென்பொருளாலும் அதை ஆள முடியாது, பி.டி.பி.க்கு மாற்றியாக வேண்டும். மூன்றாவது, படம் எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்ற தேர்வு. கேமராவின் தற்காலிக நினைவகத்திலிருந்து நேரே கணினிக்கு அனுப்புவதா, கார்டில் எழுதிவிட்டுப் பிரதியைக் கணினிக்கு அனுப்புவதா என்பதை மென்பொருளில் குறிப்பிடலாம். முதல் வழி விரைவானது. இணைப்பு இடையில் அறுந்தால் படம் போய்விடும். மீண்டும் எடுக்க முடியாத எதையும் கார்டில் எழுதாமல் எடுப்பது பொறுப்பான செயலாகாது.

விண்டோஸைவிட்டு அகல விரும்பாதவர்கள், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளால் கணினிக்குள் ஒரு மெய்நிகர்க் கணினியை உருவாக்கி, அதில் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, யு.எஸ்.பி. இணைப்பை அதற்கே ஒப்படைத்துப் பழைய நிறுவன மென்பொருளை இயக்குகின்றனர். இது செயல்படும் முறையே. ஆனால் 2014 ஏப்ரலுடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளம் அது என்பதால், அந்த மெய்நிகர்க் கணினியை இணையத்துடன் இணைக்காமல் வைத்திருப்பது கட்டாயம்.

வேகத்தைப் பற்றிய கவலை அளவுக்கு மீறியது என்றே சொல்ல வேண்டும். யு.எஸ்.பி. 1.1இன் வேகம் விநாடிக்கு 12 மெகாபிட். நடைமுறையில் அதிகபட்சம் விநாடிக்கு 1.2 எம்பி அளவுக்கே தரவு செல்லும். 300டியின் ரா கோப்பு, அதாவது சென்சார் பதிவுசெய்ததைக் கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் கோப்பு, ஏறத்தாழ 7 எம்பி அளவுள்ளது என்பதால் ஒவ்வொரு படமும் வந்துசேரக் குறைந்தது 6 விநாடிகள் ஆகும். மாடல்களை வைத்து ஆடை விளம்பரம் எடுக்கும் ஸ்டுடியோவில் இந்தத் தாமதம் வேலையைக் கெடுத்துவிடும். முகபாவம் மாறிக்கொண்டே இருக்க, திரையில் முந்தைய படமே நின்றுகொண்டிருக்கும். 300 பக்க நூலைப் படமெடுப்பவருக்கு நிலைமை வேறு. பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியை மேலே வைத்து, ஓரங்களைச் சரிசெய்ய அவருக்கு அதே அளவு நேரம் தேவைப்படுகிறது. கோப்பு வந்துகொண்டிருக்கும்போதே அடுத்த பக்கம் தயாராகிவிடும். 20டி முதலான கேமராக்களில் விநாடிக்கு 480 மெகாபிட் வேகமுள்ள யு.எஸ்.பி. 2.0 வந்துவிட்டதால் அவற்றில் இந்தக் காத்திருப்பும் பெரிதாகத் தெரிவதில்லை.

படத்தின் தரத்தைப் பொறுத்தவரை கணக்குப் போட்டுப் பார்ப்பதே நேர்மையான வழி. ஆவணப் பதிவில் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது பரவலாக ஏற்கப்படும் அளவு. 5டியின் படம் 4368க்கு 2912 பிக்சல். அதில் ஏ4 தாள் ஒன்றைச் சட்டகம் நிரம்ப எடுத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 350 பிக்சல் கிடைக்கிறது. 300டியின் 3072க்கு 2048 பிக்சலில் அதே தாளுக்கு 248தான் கிடைக்கும். ஏ5 அளவுள்ள சிறு நூலாயின் அதே கேமரா 350ஐத் தொட்டுவிடும். ஓலைச்சுவடி இந்தக் கணக்கில் கடினமான பொருள். 40 செ.மீ. நீளமும் சில செ.மீ. அகலமும் உள்ள ஓலையைச் சட்டகத்தின் நீளவாக்கில் வைத்தால், 300டியில் அங்குலத்துக்கு 195 பிக்சலும் 5டியில் 277 பிக்சலும் கிடைக்கின்றன. சட்டகத்தின் மேலும் கீழும் உள்ள பெரும்பகுதி வீணாகிறது. எழுத்தாணியின் மெல்லிய கீறல்களும், மை தடவாத இடங்களும், பூச்சி அரித்த ஓரங்களும் தெளிவாகத் தெரிய வேண்டுமாயின் ஓலையை இரண்டு பகுதிகளாக, நடுவில் சிறிது மேற்பொருந்தும்படி எடுத்து இணைக்க வேண்டும். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்தையே பதிவுசெய்து மற்றவற்றை அண்டைப் பிக்சல்களிலிருந்து கணக்கிட்டுக்கொள்வதால், உண்மையில் கிடைக்கும் நுணுக்கம் இந்த எண்கள் காட்டுவதைவிடச் சற்றுக் குறைவு என்பதையும் கருத வேண்டும். எனவே பழைய கேமரா எல்லா ஆவணத்துக்கும் போதும் என்று சொல்வதும் தவறு. எதற்கும் உதவாது என்று தள்ளுவதும் தவறு. பொருளின் அளவைக் கொண்டு முதலில் கணக்கிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ஆவணப் பணியில் டெதரிங் தரும் பயன்கள் மெய்யானவை. 300டியின் பின்புறத் திரை 1.8 அங்குலம்தான், அதில் தெளிவாகத் தெரிந்த பக்கம் பெரிய திரையில் பார்க்கும்போது ஒரு மூலையில் மங்கியிருப்பது வழக்கம். தாங்கியில் பொருத்திய கேமரா தாளுக்கு முற்றிலும் இணையாக இல்லையெனில் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும். இதைப் பத்தாவது பக்கத்தில் கண்டறிவதற்கும் முழு நூலும் எடுத்து முடித்து வீடு திரும்பிய பிறகு கண்டறிவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது, அதிலும் அந்த நூல் வேறொருவருடைய வீட்டுப் பரணுக்குத் திரும்பிப் போய்விட்டிருந்தால். ஷட்டரைக் கணினியிலிருந்து இயக்குவதால் கை பட்டுக் கேமரா அதிர்வதில்லை. கேமரா தானாகத் தரும் பொருளற்ற எண்ணுக்குப் பதிலாக, சுவடி எண், ஓலை எண், முன்பக்கமா பின்பக்கமா என்ற குறிப்பு ஆகியவற்றைக் கொண்ட கோப்புப் பெயரைப் படம் வந்த உடனே மென்பொருள் இட்டுவிடுகிறது. விடுபட்ட ஓலை எது என்பது அன்றே தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு படமும் வந்த கையோடு வேறொரு வட்டிலும் பிரதி சேருமாறு அமைத்துக்கொள்ளலாம். காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டை அடிக்கடி கழற்றி மாட்டும்போது கேமராவின் உள்ளிருக்கும் மெல்லிய ஊசிகள் வளைந்துபோவது பழைய கேமராக்களில் பலரும் கண்ட பழுது. டெதரிங்கில் கார்டு இடம்பெயர்வதில்லை என்பதால் அந்த ஆபத்தும் குறைகிறது. டி70இன் என்இஎஃப், 300டியின் சிஆர்டபிள்யூ போன்ற பழைய ரா கோப்பு வகைகளை இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் தடையின்றித் திறக்கின்றன. டேவ் காஃபின் 1997இல் எழுதத் தொடங்கிய டிசிரா என்னும் நிரல் இதற்கு அடித்தளமிட்டது. கணினியுடனான தொடர்பைக் கேமரா இழந்துவிட்டாலும் அது எடுத்த படங்கள் தப்பிவிடுகின்றன என்பது ஆறுதல் தருவது.

குறைகளையும் அதே கவனத்துடன் எண்ணிப் பார்க்க வேண்டும். கேனனிலும் நிகானிலும் லைவ் வியூ, அதாவது சென்சார் காண்பதை அப்படியே திரையில் ஓடவிடும் வசதி, 2007இல்தான் பரவலாக வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய கேமராக்களில் கணினித் திரை எடுத்து முடித்த படத்தையே காட்டும். குவியத்தை வியூஃபைண்டரில் கண்ணை வைத்தே சரிசெய்ய வேண்டும். செங்குத்தான தாங்கியில் கீழ்நோக்கிப் பொருத்தப்பட்ட கேமராவின் வியூஃபைண்டரைப் பார்க்க ஸ்டூலின் மேல் ஏறி நிற்க வேண்டியிருக்கும். எடுத்துப் பார்த்து, சிறிது திருத்தி, மீண்டும் எடுத்துப் பார்க்கும் இந்தச் சுற்று தொடக்கத்தில் நெடுநேரத்தை விழுங்குகிறது. சென்சாரில் தானாகத் தூசி நீக்கும் அமைப்பும் 300டி, 20டி, 5டி, டி70 எதிலும் இல்லை; ஆவணப் பணிக்கென லென்ஸ் துளையைச் சிறிதாக்கும்போது ஒவ்வொரு தூசியும் கரும்புள்ளியாக எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில் தெரியும். இதில் டெதரிங் குறையைத் தீர்ப்பதில்லை. முதல் பக்கத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது, அவ்வளவே.

கேபிளும் மின்சாரமும் சிறிய செய்திகளாகத் தோன்றினாலும் பெரும்பாலான தோல்விகள் அங்கேதான் நிகழ்கின்றன. யு.எஸ்.பி. 2.0 கேபிளின் நீளம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது தரத்தின் விதி. அதற்கு மேல் வேண்டுமெனில் இடையில் குறிகையைப் புதுப்பிக்கும் மின்சுற்று கொண்ட நீட்டிப்புக் கேபிளைப் பயன்படுத்த வேண்டும். இக்கேமராக்களில் உள்ள மினி-பி வகைத் துளை உள்பலகையில் பற்றவைக்கப்பட்ட சிறு உறுப்பு. கேபிளில் கால் தடுக்கினால் முதலில் உடைவது அதுவே. கேபிளைத் தாங்கியின் தண்டோடு சேர்த்துக் கட்டி, துளைக்கு அருகே சிறிது தளர்வு விட்டுவைப்பது செலவில்லாத பாதுகாப்பு. புதிய கணினியின் யு.எஸ்.பி. 3 துளையில் செருகும்போது பழைய கேமரா சில நேரங்களில் தெரிவதும் மறைவதுமாக இருக்கும். இடையில் சாதாரண யு.எஸ்.பி. 2.0 ஹப் ஒன்றை வைத்தால் பல சமயங்களில் அது சரியாகிவிடுகிறது. நாள் முழுதும் இணைப்பில் இருக்கும் கேமராவின் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், பேட்டரியின் வடிவிலேயே அமைந்து அதன் இடத்தில் பொருந்தும் மின்னிணைப்பை வாங்கிக்கொள்வதும், தானாக அணைந்துவிடும் அமைப்பை மெனுவில் நிறுத்திவைப்பதும் இன்றியமையாதவை.

கேபிளே வேண்டாம், கம்பியில்லா வழியை நாடலாம் என்ற எண்ணம் இடையில் வலுப்பெற்றது. வைஃபை வசதியைத் தன்னுள்ளே கொண்ட ஐ-ஃபை மெமரி கார்டு, எந்தப் பழைய கேமராவையும் கம்பியின்றிக் கணினியுடன் சேர்த்துவிடும் என்று நம்பி வாங்கப்பட்டது. 2016இல் பழைய வகைக் கார்டுகளுக்கான சேவையை அதைத் தயாரித்த நிறுவனம் நிறுத்தியபோது, பழுதேதும் இல்லாத கார்டுகள் தங்கள் சிறப்புப் பணியைப் பெருமளவு இழந்தன. கேபிளும் பி.டி.பி.யும் எந்த நிறுவனத்தின் சர்வரையும் நம்பியிருப்பதில்லை என்பதால், இந்த ஒப்பீட்டில் பழைய வழியே வலுவானது. கார்டை எடுத்துக் கார்டு ரீடரில் செருகும் வழக்கமான முறையோ எப்போதும் கையில் இருக்கிறது. ஊர்ஊராகச் சென்று படமெடுப்பவருக்கும், ஒரு நாளில் இருபது முப்பது படங்களே எடுப்பவருக்கும் அதுவே போதும். அவர்கள் பழைய கேமராவில் டெதரிங் அமைக்க ஒரு வாரத்தைச் செலவிடுவது வீண்.

ஓரிடத்தில் நிலையாக நிறுத்திய கேமரா, அசையாத பொருள், சீரான ஒளி, நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப நிகழும் ஒரே செயல் என்ற நான்கும் கூடிய இடத்தில், பி.டி.பி. வழியே கட்டுப்பாட்டை ஏற்கும் பழைய கேமராவும் லினக்ஸ் கணினியும் சேர்ந்த அமைப்பு குறைந்த செலவில் நிறைந்த பயனைத் தருகிறது. பொருளுதவி இல்லாத சிறு நூலகமும், தன் வீட்டுச் சுவடிகளைத் தானே பதிவுசெய்ய விரும்பும் குடும்பமும் இதைத் தயங்காமல் மேற்கொள்ளலாம். வேகமும் நேரடிக் காட்சியும் தேவைப்படும் ஸ்டுடியோ வேலைக்கு இதைப் பரிந்துரைக்க இயலாது. ஃபயர்வயர் மட்டுமே கொண்ட கேமராவை இதற்கென வாங்குவது தவறான செலவு; கேனனின் சொந்த வழியை மட்டும் நம்பியிருக்கும் கேமராவை, ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்தலாமே தவிர, புதிதாக வாங்கக் கூடாது.

இந்த முறையின் குறைகளுள் கேமராவின் வன்பொருளால் நேர்ந்தவை சில. வெளியிடப்படாத குறியீடுகளாலும் கைவிடப்பட்ட டிரைவர்களாலும் நேர்ந்தவை பல. ஆதரவை நிறுத்திய பிறகு அக்குறியீடுகளை மறைத்துவைப்பதால் எந்த நிறுவனத்துக்கும் வணிக ஆதாயம் இல்லை. வெளியிட்டால், நல்ல நிலையில் உள்ள எண்ணற்ற கேமராக்கள் குப்பைக்குச் செல்லாமல் நூலகங்களில் வேலை செய்யும். ஒரு கேமராவுக்கான மென்பொருள் ஆதரவை நிறுத்தும் நாளிலேயே அதன் கட்டளைக் குறியீடுகளைப் பொதுவில் வைப்பதை நிறுவனங்கள் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும். அந்நாள் வரும்வரை, ஆவணப் பணிக்குப் பழைய கேமரா தேடுவோர் அதன் மெகாபிக்சலையும் லென்ஸையும் விசாரிப்பதற்கு முன், லிப்ஜிஃபோட்டோ2 பட்டியலில் அந்தக் கேமராவின் பெயரைத் தேடி, படமெடுக்கும் கட்டுப்பாடு எந்த நிலையில் ஆதரிக்கப்படுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.